பரிசு பெறாத மாணவர்

(சங்கத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

கல்வியின் சிறப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அதனை நூல்கள் போதிய அளவு கூறியிருக்கின்றன. ஆதலின், இம்மேடையில் ஏறியிருக்க வேண்டிய ஒருவரைப் பற்றியே பேச விரும்புகின்றோம். அவர் எம் அத்தை மகனார். எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்றவர். இன்று இவ்வுலகில் இல்லாதவர். எட்டுத் திங்கள் மூத்தவராதலின் அவரை யாம் அத்தான் என்போம். அவர் எம்மை மாப்பிள்ளை என்பார்.

எம்மூர் உடன்குடிப் பக்கத்தில், செம்மணல் தேரியை அடுத்த சிற்றூர். 1985-ஆம் ஆண்டு இருவரும் முதல் வகுப்பிற் சேர்ந்தோம். 1982-இல் தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்தின் சோற்றை அருகருகே அமர்ந்து உண்டு வளர்ந்தோம். ஒரு செய்யுளை மனப்பாடஞ் செய்ய யாம் பத்து முறை ஓத வேண்டும். அத்தானுக்கோ ஒருமுறை கேட்டாற் போதும். ஏழாம் வகுப்பு முடிய அவரே முதல்வர். யாம் என்றும் இரண்டாமவர்.

பனைத்தொழிலின் இயல்பை நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் அறியார். மாசி, பங்குனியிற் பருவம் தொடங்கும். பனையேறி விடியுமுன் எழுந்து, காலில் தளைநார் பூட்டி, மரந்தோறும் ஏறிப் பாளையின் நுனியைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்குவார். மாலையில் மீண்டும் ஏறுவார். பெண்டிர் விடிலியில் அடுப்பெரித்துப் பதநீரைக் காய்ச்சுவர். பள்ளியின் ஆண்டுத் தேர்வும் அப்பருவத்திலேயே வரும். தேர்வுக்காகப் பாளை காத்திராது. ஒருநாள் சீவாது விடின் பாளை வற்றும்.

1993-ஆம் ஆண்டு பங்குனியில் எம் மாமா பனையினின்று தவறி வீழ்ந்து இடுப்பொடிந்தார். அத்தைக்குத் துணையாக அத்தான் விடிலிக்குச் சென்றார். எட்டாம் வகுப்பின் ஆண்டுத் தேர்வை அவர் எழுதவில்லை. அவ்வாண்டு முதன்மை பெற்றவர் யாம். சங்கத்தின் பரிசாக ஒரு தமிழகராதியைப் பெற்றவரும் யாமே. மேடையில் நின்று கைதட்டல் கேட்டபோது, அப்பரிசு யாருடையது என்பதை யாம் அறிவோம். ஆயினும் ஒருவரிடமும் கூறினோமல்லோம்.

அவ்வகராதியைப் பத்து நாட்கள் அவர் கண்ணிற் படாமல் ஒளித்து வைத்தோம். ஒருநாள் மாலை விடிலிக்குச் சென்றபோது, “மாப்பிள்ளை, பரிசைக் காட்டமாட்டாயோ?” என்று அவரே கேட்டார். எடுத்து வந்து கொடுத்தோம். கையிலிருந்த கரியைக் கழுவித் துடைத்த பின்னரே அதனைத் தொட்டார். அடுப்பு வெளிச்சத்தில் ஏடுகளைப் புரட்டி, “கடிப்பு என்னும் சொல் இதில் உண்டா, பார்” என்றார். பாளையை இடுக்கி நசுக்கும் கருவி என்னும் பொருள் அதில் இல்லை. “எழுதிக்கொள்” என்றார். அவர் சொல்லச் சொல்ல, நூலின் இறுதியிலிருந்த வெற்றுத்தாளில் எழுதினோம்: கடிப்பு, பதநீர் வடிக்கும் சில்லாட்டை, கருப்பட்டியாக இறுகுமுன் உள்ள கூப்பனி. அன்று எழுதியவை இருபத்தேழு சொற்கள். பிற்காலத்தில் யாம் புலவர்களிடம் பாடங் கேட்டதுண்டு. எனினும் நூலிற் காணாத தமிழை எமக்குக் கற்பித்த முதலாசிரியர் அவரே.

சூன் திங்களிற் பள்ளி திறந்தபோது அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று வினவ அவர் வீட்டுக்கு ஒருவரும் சென்றாரில்லை, யாமும் வினவவில்லை. வினவியிருப்பின் முதலிடத்தை இழந்திருப்போம் என்னும் சிறுமை எம் உள்ளத்தில் ஒரு மூலையில் இருந்தது. இதனை இந்த வயதில் வெளிப்படக் கூறுவதற்கு வெட்கமே. கூறாதிருத்தல் அதனினும் வெட்கம்.

2011-ஆம் ஆண்டு, பங்குனியிலேயே, ஒரு விடியற்காலையில் அத்தான் பனையினின்று வீழ்ந்து உயிர் நீத்தார். அவருக்கு வயது முப்பத்தொன்று. பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்று வகுப்பில் யாம் கற்பிக்கும்பொழுதெல்லாம் அவர் முகம் எம் முன் நிற்கின்றது.

பெரியோர்களே! 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி தரும் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு கடந்த பிள்ளை நின்றுவிடின் அதனைத் தேடிச் செல்பவர் யார்? நாம் ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றவர் பட்டியலை அச்சிடுகின்றோம். அதனோடு, சென்ற சூனில் வந்து இந்த ஏப்ரலுக்குள் நின்றுவிட்ட பிள்ளைகளின் பட்டியல் ஒன்றையும் சங்கம் எடுத்தல் வேண்டும். அஃதை அச்சிடலாகாது, கையிற் கொண்டு வீடு வீடாகச் செல்லல் வேண்டும். தந்தை நோயுற்ற வீட்டுக்கு அப்பருவத்துக் கூலியைச் சங்கம் ஈடு செய்தல் வேண்டும். இப்பணிக்கு எம் ஒரு திங்கள் ஊதியத்தை இப்பொழுதே தலைவரிடம் ஒப்படைக்கின்றோம். உடன் நடந்து செல்லவும் யாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.

பரிசு பெறும் செல்வங்களே! மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள். வீடு திரும்பியபின், உங்கள் வகுப்பில் இவ்வாண்டு வாராதிருப்பவர் யாரென எண்ணிப் பார்த்து, நாளையே அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். யாம் செல்லவில்லை.