எல்லை அறிந்த அதிகாரம்

நெதர்லாந்து நாட்டில் பேஸ்ட் என்பது ஒரு சிற்றூர். 1863 ஆம் ஆண்டில் அவ்வூர்த் திருச்சபைக்கு இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் குருவாக வந்து சேர்ந்தார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அக்காலத்துப் புதுமைக் கருத்துகளில் தோய்ந்தவர். அவ்வூரில் பீட்யே பால்டஸ் என்றொரு பெண்மணி இருந்தார். மாவாலைக்காரர் ஒருவரின் மகள். பெரிய படிப்பு இல்லாதவர். வீடு தேடி வந்த குருவுக்குக் கைகொடுக்க அவர் மறுத்துவிட்டாராம். குரு போதிப்பது தம் முன்னோரின் விசுவாசம் அன்று என்பது அவருடைய கட்சி. படித்தவர் சினந்து திரும்பியிருக்கலாம். அவரோ அமர்ந்து கேட்டார். அதனால் தம் வாழ்வே மாறியது என்று முதுமையிலும் நன்றியோடு எழுதினார்.

அந்த இளைஞர்தாம் ஆபிரகாம் கைப்பர். 1872 இல் ஒரு நாளிதழையும், 1879 இல் ஓர் அரசியல் கட்சியையும், 1880 இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தையும் நிறுவியவர். 1901 முதல் 1905 வரை அந்நாட்டின் பிரதம மந்திரி. கட்சியின் பெயர் 'புரட்சி எதிர்ப்புக் கட்சி'. பிரெஞ்சுப் புரட்சி மனிதனையே இறுதி அதிகாரமாக்கிவிட்டது என்பது அவர்கள் கருத்து.

வரலாறு கற்பிக்கும் என்னிடம் ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள்: "ஐயா, இவரைப் பழமைவாதி என்பதா, சீர்திருத்தக்காரர் என்பதா?" அன்று நான் சரியாக விடை கூறவில்லை. இன்று கூற முயல்கிறேன்.

கைப்பரின் கொள்கையைத் 'துறைதோறும் தன்னாட்சி' எனலாம். அதிகாரம் அனைத்தும் இறைவனுடையது. ஆகவே அதை முழுவதும் தனதென்று கொள்ள எந்த மனித நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. பிள்ளையை வளர்க்கும் உரிமையைத் தந்தையும் தாயும் அரசாங்கத்திடமிருந்து பெறவில்லை. அறிஞன் உண்மையை அரசாணையிலிருந்து பெறுவதில்லை. வணிகம், கலை, திருச்சபை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித் தொழிலும் தனிப் பொறுப்பும் உண்டு. திருச்சபைகூடப் பிற துறைகளை ஆளலாகாது. அவர் நிறுவிய பல்கலைக்கழகம் 'சுதந்திரப் பல்கலைக்கழகம்' எனப் பெயர் பெற்றது இதனால்தான். அரசின் பிடியும் திருச்சபையின் பிடியும் அதன்மேல் கூடாது என்றார். அப்படியாயின் அரசுக்கு வேலை என்ன? துறைகளுக்கிடையே வழக்கு எழுந்தால் தீர்ப்பது. ஒரு துறைக்குள் வலியவன் எளியவனை நசுக்கினால் தடுப்பது. பொதுச் சுமையை அனைவரும் தாங்கச் செய்வது.

இக்கொள்கை பள்ளிக்கூட வாயிலில் சோதனைக்கு வந்தது. 1878 ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளின் தரத்தை உயர்த்தியது. அரசுப் பள்ளிகளுக்கு அதற்கான பணம் கிடைத்தது. சமயப் பள்ளிகளோ தம் செலவைத் தாமே தாங்க வேண்டியிருந்தது. வரியும் செலுத்தி, தம் பிள்ளைகளின் பள்ளிக்குத் தனியே பணமும் கொடுக்க எளியவர்களால் இயலுமா? மன்னருக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அந்நாளில் வாக்குரிமை பெற்றிருந்தோரின் தொகையைவிட இது மிகுதி. மன்னர் சட்டத்துக்கு இசைவளித்துவிட்டார். ஆயினும் போராட்டம் ஓயவில்லை. கால்வின் மரபினரான கைப்பர், சமயத்தில் தம்மோடு முரண்பட்ட கத்தோலிக்கருடன் அரசியலில் கைகோத்தார். 1917 இல் அரசியலமைப்புத் திருத்தப்பட்டு, இருவகைப் பள்ளிகளுக்கும் அரசு நிதி சமமாயிற்று. அவ்வழியிலேயே இன்று அந்நாட்டில் இந்துப் பள்ளிகளும் இஸ்லாமியப் பள்ளிகளும் அரசு நிதியுடன் நடைபெறுகின்றன.

தொழில் துறையிலும் அவர் குரல் எழுந்தது. 1891 இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் வெளியிட்ட அதே ஆண்டில், ஆம்ஸ்டர்டாமில் கூடிய கிறிஸ்தவ சமூக மாநாட்டில் கைப்பர் உரையாற்றினார். வறுமைக்குப் பிச்சை மட்டும் மருந்தாகாது. சமுதாய அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது என்றார். சமதர்மத்தை ஏற்காதவர் இவ்வாறு கூறியது பலரைச் சிந்திக்க வைத்தது.

நிற்க. புகழ்ச்சி மட்டும் கூறினால் அது வரலாறு ஆகாது. 1903 இல் இரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். பிரதம மந்திரி கைப்பர், இரயில்வேயிலும் அரசுப் பணியிலும் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கும் சட்டம் கொண்டுவந்தார். பல ஊழியர்கள் வேலை இழந்தனர். எளியவனின் துறையைக் காப்பேன் என்றவர், ஆட்சியில் அமர்ந்ததும் அரசின் கையையே வலுப்படுத்தினார் என்று நான் கருதுகிறேன்.

இதைவிடப் பெரிய பழி தென்னாப்பிரிக்காவில் நேர்ந்தது. அங்கே நிறவெறிக்கு நியாயம் தேடியவர்களுள் சிலர் கைப்பரின் கருத்தையே துணைக்கு அழைத்தனர். இனத்தையும் ஒரு தனித் துறையாக்கினர். கைப்பரின் எழுத்திலும் இனங்களை உயர்வு தாழ்வாகக் கருதும் பகுதிகள் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். 1953 ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் கருப்பின மக்களின் மிஷன் பள்ளிகளைத் திருச்சபைகளின் கையிலிருந்து பிடுங்கி அரசின் கையில் வைத்தது. கைப்பர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்ததும் இதைத்தான்! பின்னாளில், அதே மரபில் வந்த கருப்பினக் குருவான ஆலன் பூசாக், கைப்பரின் கொள்கையைக் கொண்டே நிறவெறியை எதிர்த்தார். 1982 இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டணி நிறவெறியை வேதப்புரட்டு என்று தீர்த்துக் கூறியது. கைப்பர் நிறுவிய பல்கலைக்கழகமோ அதற்கு முன்பே, 1965 இல், மார்ட்டின் லூதர் கிங்குக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியிருந்தது.

வேலி ஒன்றுதான், போட்டவர் யார் என்பதில் வேறுபாடு இருக்கிறது. தன் தோட்டத்தைக் காக்க ஒருவன் தானே போடும் வேலி வேறு. பிறனை அடைத்து வைக்கப் போடும் வேலி வேறு. நெதர்லாந்தில் எளிய மக்கள் தம் பள்ளியைத் தாமே தேர்ந்தனர். தென்னாப்பிரிக்காவில் மக்களுக்காக வேறொருவர் தேர்ந்தார்.

அந்த மாணவிக்கு இப்போது என் விடை இதுதான்: கைப்பர் பழமையில் வேரூன்றி நின்றதனால் சில சீர்திருத்தங்களைச் செய்தார், தம் கொள்கையைத் தாமே மறந்த இடத்தில் தவறினார். அவருடைய சமயத்தை நான் பின்பற்றுபவன் அல்லேன். எனினும் நாளை ஒரு பள்ளியையோ, தொழிற்சாலையையோ, அரசு அலுவலகத்தையோ நடத்தப்போகும் இளைஞர்களாகிய நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும் என விழைகிறேன். உங்கள் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்று அறிவது எளிது. எங்கே முடிகிறது என்று அறிவதே அரிது. கைகொடுக்க மறுத்த ஒரு கிராமத்துப் பெண்ணின் முன் அமர்ந்து கேட்ட நாளில், கைப்பர் அதை அறிந்திருந்தார்.