112 அடி மனுவும் 2,815 சொற்களும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அறிமுகம் செய்த தோழர் என்னை 'ஐ.நா.வில் வேலை பார்த்தவர்' என்றார். அப்படியெல்லாம் இல்லீங்க. ஜெனீவாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். செம்பரம்பாக்கம் சேரியிலிருந்து தினம் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், ஒரு சர்வதேச மனித உரிமைக் குழுவின் அறையில் 2022 தொடக்கத்தில் சில மாதம் பயிற்சியாளனாக உட்கார்ந்திருந்தேன். பஸ் காசும் டீக்காசும் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அந்த நவம்பரில் இந்தியாவின் மனித உரிமை நிலைமையை ஐ.நா. நான்காவது முறையாக ஆய்வு செய்ய இருந்தது. அமைப்புகள் அதற்கு அறிக்கை தரலாம். தனியாகத் தந்தால் 2,815 சொல், கூட்டாகத் தந்தால் 5,630. சாட்சியங்களை இங்கிலீஷாக்கிச் சுருக்குவது என் வேலை. சுருக்குவதில் கெட்டிக்காரன் என்று பேர்கூட வாங்கினேன்.

அதில் ஒரு சாட்சியம் என் அத்தையுடையது. பிறந்த ஊர் ஒரகடம் பக்கம். இப்போது அங்கேயே ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் துப்புரவு வேலை. நாற்பது நிமிஷம் பேசுச்சு. ஆள் எடுக்கும்போதே மேஸ்திரி 'ஊரா, காலனியா?' என்று கேட்டது, கக்கூஸ் கழுவ யார், கேண்டீனுக்கு யார் என்று அங்கேயே பிரித்தது எல்லாம் சொல்லுச்சு. ஆனால் தொடங்கியது நிலத்தில். தாத்தாவுக்குப் பஞ்சமி நிலம் இருந்ததாம். எப்படிக் கைமாறியதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. "எங்க தாத்தா ஏர் ஓட்டுன எடத்துலதான் நான் பினாயில் ஊத்திக்கினு இருக்கேன்."

நிலத்துக்குக் காகிதம் இல்லை. காகிதமில்லாத ஒன்றை வைத்தால், அதைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிக்கையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள் என்றது குழு. அது தப்பான யோசனையும் அல்ல. நிலத்தை வெட்டினேன். நாற்பது நிமிஷம் மூன்று வரியாகி, 'வம்சாவளி, தொழில் அடிப்படையிலான பாகுபாடு' என்று முடிந்தது. படித்துக் காட்டினேன். "இதுல நான் எங்கடா கீறேன்?" என்று கேட்டுச்சு.

'வம்சாவளி' என்ற சொல்லைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது. 1965இல் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் அதைச் சேர்க்கச் சொன்னதே இந்தியத் தூதுக்குழுதான். பின்னாளில் அது சாதியைக் குறிக்காது என்று வாதாடியதும் இந்திய அரசுதான். பட்டியல் சாதியினர் அதில் அடங்குவர் என்று 1996இல் ஐ.நா. குழு சொன்னது. 2001 டர்பன் மாநாட்டில் சாதியைச் சேர்க்கவிடாமல் அரசு மல்லுக்கட்டியது. 2002இல் அதே ஐ.நா. குழு பொதுப் பரிந்துரை 29இல் சாதியை வெளிப்படையாகவே எழுதியது. சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலைப்பின்னல் ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி கேட்டது 2008இல். இந்தியா கேள்வி மேல் கேள்வி போட்டு இழுத்தடிக்க, கிடைத்தது 2022 டிசம்பரில்! வெறும் சொல்லுக்கா இத்தனை பயம்?

வெளியே போய் முறையிடுவது தேசத்துரோகம் என்கிறார்கள். செங்கல்பட்டு சீமைக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893லேயே அந்தத் துரோகத்தைச் செய்தாயிற்று. சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தக் காங்கிரஸ் கேட்டபோது, பதவியெல்லாம் சாதி இந்துக்கள் கைக்கே போகும் என்று லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். 3,412 கையெழுத்து, 112 அடி நீளம். அவருக்கு யாரும் சொல் கணக்கு வைக்கவில்லை.

அதற்கு முந்தைய வருஷம்தான் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையின் விளைவாகப் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருஷம் விற்கக் கூடாது, அப்புறமும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம். அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். நான் வெட்டிய வரிக்குள் இவ்வளவும் இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் அத்தை பேரில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். பழைய அ-பதிவேட்டின் நகல் வேண்டும் என்று. 'சர்வே எண் குறிப்பிடவில்லை' என்று திருப்பிவிட்டார்கள். அத்தைக்குத் தெரிந்த எண் ஒரு கிணறும் இரண்டு பனைமரமும். இரண்டும் இப்போது இல்லை. பழைய கிராம வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கூட்டம் முடிவதற்குள் வாங்க. அத்தை பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்குது. ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துடும்.