முதலில் இடம், பிறகு வேலை



களைக்கொல்லி வந்த காலி டின்னில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று பள்ளியில் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்கிறோம். அந்த நஞ்சையாவது சில வேளை வாடையால் அறியலாம். கதிரியக்கக் கழிவு அப்படியல்ல. அதிலிருந்து வரும் கதிருக்கு நிறமில்லை, மணமில்லை. அதைத் தீயிலிட்டாலும் அழியாது. புகையிலும் சாம்பலிலும் பரவும்.

இக்கழிவுகள் எல்லாம் ஒன்றல்ல. தைராய்டு நோய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அயோடின்-131 எட்டே நாளில் பாதியாகும். அடுத்த எட்டு நாளில் அந்தப் பாதியிலும் பாதி. 80 நாள் பூட்டி வைத்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். ஆனால் தோரியம் பாதியாக ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்! காத்திருந்து தீர்க்க முடியுமா?

இந்தத் தோரியம் நமது பேராக் மாநிலத்திலேயே உண்டு. ஈயம் பிரித்தபின் எஞ்சும் கனமான மணலை 'அமாங்' என்கிறோம். அதிலுள்ள மோனசைட்டில் விலைமிகுந்த அருமண் உலோகங்களோடு தோரியமும் கலந்திருக்கிறது. அவற்றைப் பிரிக்கும் ஆலை ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கியது. சரக்கு விற்பனைக்குப் போயிற்று. கழிவு எங்கே போவது?

நிலையான இடம் அமையுமுன்பே கழிவு சேர்ந்துவிட்டது. பாப்பானில் கிடங்கு கட்ட முனைந்தபோது, 1984-இல் மக்கள் எதிர்த்து நின்றனர். 1985-இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறியது. ஆயினும் 1994-இல் நிறுவனமே ஆலையை மூடிற்று. பல ஆண்டுகளுக்குப் பின்னரே கழிவு கிளேடாங் மலைப்பகுதியில் முறையாகப் புதைக்கப்பட்டது.

முறையாக என்றால் என்ன? கழிவு சிதறாமல் அடைபட வேண்டும். மேலே கனத்த மண்மூடி வேண்டும். மழைநீரும் ஊற்றுநீரும் அண்டக் கூடாது. ஏனெனில் நீர்தான் அதை ஆற்றுக்கும் கிணற்றுக்கும் சுமந்து செல்லும். வேலியும் காவலும் வேண்டும். சுற்றுப்புற நீரையும் காற்றையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்ற குறிப்பு பேரப்பிள்ளைகள் கைக்கும் போய்ச்சேர வேண்டும்.

பெற்றோரே, மஞ்சள் பலகையில் நடுவே ஒரு புள்ளியும், சுற்றி மூன்று கறுப்பு இதழ்களும் கொண்ட அடையாளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள். பழைய இரும்புக் குவியலில் அதைக் கண்டால் தொட வேண்டாம், உடைக்க வேண்டாம். விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

குப்பைக்குழி வெட்டாமல் நாம் குடிவைப்பதில்லை. ஆலைக்கும் அதுவே நியதி: முதலில் கழிவுக்கு இடம், பிறகுதான் வேலை.