குழியாடி செய்யும் இரு பணிகள்

 

விஞ்ஞானம் பற்றிச் சிறிது பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். நாமோ பள்ளியிறுதி வகுப்போடு நின்ற ரயில்வே எழுத்தர். ஆதலின், நாள்தோறும் எம் கண்ணெதிரே வந்து நிற்கும் இரயில் எஞ்சினின் முகவிளக்கையே பொருளாக எடுத்துக்கொண்டோம்.

பல்பு பொருத்திய முகவிளக்கின் ஒளி நெடுந்தொலைவு பாய்வது பல்பின் வலிமையால் மட்டுமன்று. பல்பு எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறும். அதன் பின்னே கிண்ணம்போல் குழிந்த ஆடி ஒன்று உண்டு. ஒளி எக்கோணத்தில் வந்து படுகிறதோ அக்கோணத்திலேயே திரும்பும் என்பது ஆடிகளுக்கெல்லாம் பொது விதி. குழியாடியின் வளைவினால், ஒரு குறித்த புள்ளியினின்று புறப்படும் கதிர்கள் யாவும் அதிற்பட்டு, தண்டவாளத்தின் இரு கம்பிகளைப்போல் ஒன்றுக்கொன்று இணையாக வெளிச்செல்லும். அப்புள்ளிக்குக் குவியம் என்று பெயர். பல்பின் இழை குவியத்தினின்று சிறிது விலகினும் ஒளிக்கற்றை விரிந்து தளரும். சில டார்ச் விளக்குகளின் தலையைத் திருகினால் வெளிச்சம் அகல்வதும் குறுகுவதும் இதனாலன்றோ? பந்தின் துண்டுபோல் வளைந்த ஆடி இதற்கு முற்றும் பொருந்தாது. விளிம்பிற்படும் கதிர்கள் வழிதவறும். சாய்வாக எறிந்த கல் வானில் வரையும் வளைவே வேண்டும். அதனைப் பரவளைவு என்பர்.

இப்பாதையை எதிர்முகமாக எண்ணிப் பாருங்கள். தொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்கள் அதே குவியத்திற் கூடும். முகம் மழிக்க உதவும் குழியாடியைச் சன்னலோரம் வெயிலில் வைத்துச் செல்லாதீர்கள். கூடிய ஒளியால் திரைச்சீலை கருகக்கூடும். பேருந்து ஓட்டுநரின் பக்க ஆடியோ வெளிநோக்கிப் புடைத்த குவியாடி. அது பரந்த காட்சியைச் சிறிதாக்கித் தருவதால், பின்வரும் வண்டி உள்ளதினும் தொலைவில் இருப்பதாகத் தோன்றும்.

இனி நம் பெங்களூரின் பெருமைக்கு வருவோம். சென்னை செல்லும் வழியில் நாம் கடக்கும் வாணியம்பாடிக்குத் தெற்கே, சவ்வாது மலையில் காவலூர் உளது. அங்குள்ள பெருந்தொலைநோக்கியின் உயிர்நிலையும் ஒரு குழியாடியே. அதன் குறுக்களவு 2.34 மீட்டர், குவியம் ஏறத்தாழ ஏழரை மீட்டர் தொலைவில் அமைந்தது. இருளில் விரிந்த நம் கண்மணி பெறும் ஒளியைப்போல் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு ஒளியை அது திரட்டும். அவ்வாடியைத் தேய்த்து மெருகேற்றியது இதே பெங்களூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். முகவிளக்கின் ஆடியில் சிறு குறை இருப்பினும் இரயில் ஓடும். இங்கோ, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் கிட்டும் ஒரு கூறளவு பிழையும் விண்மீனின் உருவைக் கலைத்துவிடும். தேய்ப்பதும் அளப்பதும் மீண்டும் தேய்ப்பதுமாக உழைத்த அக்கைகளை நாம் வியந்து போற்றுகிறோம்.

இம்முயற்சிக்கு வித்திட்டவர் அந்நிறுவனத்தின் இயக்குநராயிருந்த வைணு பாப்பு அவர்கள். அவர் 1982-ஆம் ஆண்டில் காலமானார். பணி நிறைவுற்றதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1986 ஜனவரியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரையே சூட்டினார்.

காவலூரைத் தேர்ந்ததற்கு அங்குள்ள இருளும் ஒரு காரணம். நகரங்களில் மேல்மூடியும் தக்க ஆடியும் இல்லாத விளக்குகள் ஒளியில் ஒரு பகுதியை வானுக்கே வாரியிறைக்கின்றன. மின்சாரக் கட்டணம் செலுத்தும் நாம், தெருவுக்கு வேண்டிய வெளிச்சத்தை விசும்புக்கு அனுப்புவானேன்? நம் காலனி மாடியினின்று பிள்ளைகளுக்கு எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன? எம் கருத்தில், ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பும் விளக்குகளைக் காலனிச் சங்கம் கேட்டுப் பெறுதல் நலம்.

மேடையோரம் ஒரு டார்ச் விளக்கும் ஒரு பெரிய எவர்சில்வர் கரண்டியும் வைத்துள்ளோம். கரண்டியின் உட்புறம் முகத்தைத் தலைகீழாகவும், வெளிப்புறம் நேராகவும் காட்டும். சிற்றுண்டிக்குப் பின் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கலாம்.