நாற்பதுக்குப் பிறகு ஒரு விளையாட்டுப் பாடவேளை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே 'மருத்துவ உரை' என்று போட்டிருக்கிறார்கள். சீனி, பிரசர், கொலஸ்திரோல் என்று பயமுறுத்தப்போகிறேன் என நினைத்து முன்வரிசையில் சிலர் வட்டிலப்பத் தட்டைக் கதிரைக்கு அடியில் ஒளித்துவைப்பதும் தெரிகிறது. வெளியில் எடுங்கள், பரவாயில்லை. நான் ஒரு கேள்விதான் கேட்கப்போகிறேன். கடைசியாக நீங்கள் எப்போது ஓடினீர்கள்? பஸ்ஸைப் பிடிக்க ஓடியது கணக்கில் இல்லை.

நம்மில் பலருக்கு விடை ஒன்றுதான்: இந்த மைதானத்தில், இல்ல விளையாட்டுப் போட்டியில், பதினாறு வயதில். வலைப்பந்துக்கு அடிபட்ட நாம் சாதாரண தரம் முடிந்ததும் விளையாட்டை விட்டோம். உயர்தரம், பிறகு கலியாணம், பிள்ளைகள், உத்தியோகம். இருபத்தைந்து, முப்பது வருடங்களாக நம் உடம்பு வேலை செய்தது, விளையாடவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

நான் பிறந்த வரிப்பத்தான்சேனையில் எங்கள் உம்மாமார் நெல்லுக் குத்தினார்கள், தண்ணீர் இறைத்தார்கள், வட்டைக்குச் சோறு சுமந்தார்கள். அந்தக் காலத்தைப் புகழ நான் வரவில்லை. அது உடற்பயிற்சி அல்ல, கடும் உழைப்பு. முதுகு கூனியவர்களைக் கண்டிருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஓர் உரலில் இரண்டு பேர் மாறி மாறிக் குத்துவார்கள். தனியே குத்தினால் கை சோரும். எதிரே ஓர் உலக்கை விழுந்துகொண்டிருந்தால் நிறுத்த மனம் வராது. இதை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் வேறு விதமாகச் சோதித்தார்கள். படகு வலிக்கும் 12 இளைஞர்களை இயந்திரத்தில் தனியாகவும், பிறகு சேர்ந்தும் வலிக்கவிட்டார்கள். உழைப்பின் அளவு ஒன்றே. ஆனால் சேர்ந்து வலித்த பிறகு அவர்களால் கூடுதல் வலியைத் தாங்க முடிந்தது. உரலடியில் இருந்தவர்களுக்கு இது புதினமாக இருந்திருக்காது.

மில் வந்தது, குழாய் வந்தது, உலக்கை மூலைக்குப் போனது. நல்லது. அதன் இடத்துக்கு எதுவும் வரவில்லை என்பதுதான் பிரச்சினை. இன்று இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. 35 வயது தாண்டிய பெண்களுக்காக சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. அங்கு வருபவர்களிடம் வைத்தியர்கள் எல்லோரும் சொல்வது, "நடங்கள்". எங்கே நடப்பது? சுபஹுக்குப் பிறகு இருட்டு, நாய். வேளாண்மைக் காலத்தில் யானைப் பயம். பின்னேரம் கடைத்தெரு, மோட்டார் சைக்கிள், பார்வை. ஜிம் இருக்கிறது, ஆண்களுக்கு. குளிசையை எழுதினால் அதை வாங்க ஒரு பார்மசி இருக்கிறது. நடையை எழுதினால் அதற்கு ஒரு பாதை இல்லை.

அப்படித்தான் எங்கள் ஊரில் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியையின் வீட்டு வளவு பயிற்சிக்களமானது. உயர்ந்த மதில், ஒரு மாமரம், பத்துப் பிளாஸ்டிக் கதிரை. அஸருக்குப் பிறகு, வாரத்தில் நான்கு நாள், முக்கால் மணித்தியாலம். உடற்கல்வி படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர்தான் தலைமை. அங்கே நான் டொக்டர் அல்ல, மூன்றாவது வரிசையில் மூச்சு வாங்கும் ஓர் ஆள். முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் மூன்று பேர். இப்போது பதினாறு பேர். மழைக்காலத்தில் அதைவிடக் குறைவு.

என்ன செய்கிறோம்? கதிரையில் கை ஊன்றாமல் எழும்பி இருப்பது, மதிலைத் தள்ளுவது, ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிறைத்துத் தூக்குவது, பிறகு ஐந்து லீற்றர் எண்ணெய்க் கானில் மண். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் இதுதான்: வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான அசைவு, அத்தோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. இந்த இரண்டாவது பகுதியைத்தான் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் என்பு வேகமாகக் கரைகிறது, தசையும் குறைகிறது. நடை நல்லது, ஆனால் பாரம் தூக்காத தசை தானாகப் பலம் பெறாது.

எங்களில் ஒரு ராத்தாவுக்கு 58 வயது. முழங்கால் தேய்வு. ஆறு வருடமாகக் கதிரையில் இருந்தே தொழுதார். அது மார்க்கம் தந்த சலுகை, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது: நெற்றி நிலத்தில் படவேண்டும். முழங்கால் தேய்வுக்கு முதல் மருந்தே பயிற்சிதான். தொடையின் முன்தசை பலப்பட்டால் மூட்டின் நோவு குறையும். கதிரையில் இரண்டு தலையணை வைத்து எழும்பத் தொடங்கினார். பிறகு ஒன்று. பிறகு வெறும் கதிரை. பிறகு திருவலைக்கட்டை அளவு உயரமான ஒரு பலகை. எட்டு மாதம் எடுத்தது. ஒரு நாள் பயிற்சி முடிந்து பாயை விரித்து, சுஜூதுக்குப் போனார். நெடுநேரம் எழும்பவில்லை. நாங்கள் ஒருவரும் பேசவில்லை. பிறகு தலையை உயர்த்தி, "எழும்புறதுக்கு ஒரு கை தாங்கடி" என்றார். ஒரே நேரத்தில் நாலு கை நீண்டது. எல்லா முழங்காலுக்கும் இது நடக்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். அந்த முழங்காலுக்கு நடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஆண்கள் மண்டபத்துக்கு வெளியே இருப்பதால் தைரியமாகவே சொல்கிறேன். கயிறு துள்ளத் தொடங்கிய நாளில் பாதிப்பேர் ஒதுங்கி நின்றார்கள். காரணம் கேட்டால் தலையிடி, கால் உளைவு. கடைசியில் ஒருவர் உண்மையைச் சொன்னார்: துள்ளினால் சிறுநீர் கசிகிறது. ஒரு கணம் அமைதி. பிறகு, "எனக்கும்", "எனக்கும்". சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம். சிரித்ததால் வந்த கசிவு வேறு. பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு இது இருக்கிறது. இடுப்புத்தள தசைப் பயிற்சியால் பலருக்குக் குறைகிறது. கிளினிக்கில் வருடக்கணக்காக என்னிடம் வந்தவர்கள் இதை வாய் திறந்து சொன்னதில்லை. மாமரத்தடியில் ஒரே நாளில் ஆறு பேர் சொன்னார்கள்.

சீனிக்கு வருவோம், இல்லாவிட்டால் நிகழ்ச்சி நிரல் பொய்யாகிவிடும். சென்னையில் டொக்டர் அம்பாடி ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடங்கள் வரை பின்தொடர்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழமையான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களில் 39 பேருக்கு. மெட்போமின் குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே பயன்தான். இவர்கள் எங்களைப் போலச் சோறு தின்கிற ஆட்கள். வெள்ளைக்காரர் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. குளிசை எடுப்பவர்கள் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கதை. நெஞ்சு நோவு, மூச்சடைப்பு உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் காணுங்கள்.

போட்டியும் உண்டு. நம்மால் போட்டி இல்லாமல் இருக்க முடியுமா, இல்லக்கொடிக்கு அடிபட்டவர்கள் ஆயிற்றே! பிளாங்க் என்று முழங்கையில் உடம்பைத் தாங்கி நிற்பதில் பன்னிரண்டு செக்கனில் விழுந்தவர்கள் இப்போது ஒரு நிமிடம் நிற்கிறார்கள். ஒரு போயா நாளில் இறக்காமத்துக் குளக்கட்டில் எல்லோரும் நடந்தோம். யாருக்காவது இயலாமற் போனால் ஏற்றுவதற்கென்று ஒருவரின் கணவர் ஓட்டோவோடு பின்னால் வந்தார். அதில் ஏறியது தண்ணீர்ப் போத்தல்கள் மட்டுமே. முதலில் போய்ச் சேர்ந்தவர் எங்களில் மூத்தவர், 61 வயது. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல், 72 வயதில், பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் இரண்டு தங்கம் வென்றதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பத்திரிகைத் துண்டு எங்கள் மாமரத்தில் குத்தியிருந்தது, மழையில் கரையும் வரை.

நட்பைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சம்பவம் போதும். எங்களில் ஒருவரின் கணவர் மௌத்தானார். இத்தாவில் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டில் இருந்தார். முதல் வாரம் சொந்தக்காரர் நிறைந்திருந்தார்கள். மூன்றாவது வாரம் வீடு வெறுமையானது. நாங்கள் முறை வைத்து, இரண்டு இரண்டு பேராகப் போனோம். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் நாங்கள். அவருடைய அறையில் கதிரையைப் போட்டு, எழும்பி இருந்தோம், எண்ணினோம். அவ்வளவுதான். அவரும் எண்ணினார். இத்தா முடிந்த அடுத்த பயிற்சி நாளில் தன் போத்தலோடு வந்து நின்றார்.

எல்லாரும் வந்து நிற்கவில்லை. "வயசு போன காலத்தில என்ன ஆட்டம்" என்று வீட்டில் சொன்னதால் நின்றுபோன ஒரு தங்கச்சி இருக்கிறார். பெயர் எழுதிய அவருடைய இரண்டு போத்தலும் மதிலோரத்தில் இருக்கின்றன. எடுத்து வைக்க எங்களுக்கு மனமில்லை.

இனி என் வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டுவதா, மண்டபம் திருத்துவதா என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. வளைவு அழகுதான். நான் கேட்பதற்குப் பணம் தேவையில்லை. பாடசாலை விட்ட பிறகு பூட்டிக் கிடக்கும் இந்தப் பின் மைதானத்துக்கு நாலு பக்கமும் மதில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், பழைய மாணவியருக்கு அதைத் திறந்துவிடுங்கள். சாவி யாரிடம், பொறுப்பு யாருக்கு என்ற கேள்விகள் வரும், வரவேண்டும். அதிபர் அவர்களுக்கு எழுத்தில் தந்திருக்கிறேன். பொறுப்பெடுக்க நான்கு பேர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஐந்தாவது, ஆறாவது கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறது. கடிதம் வாசலில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கே நாலு பேரைச் சேருங்கள். உள்ளூரில் இருப்பவர்கள் அனுமதி கிடைக்கும் வரை எங்கள் மாமரத்தடிக்கு வரலாம். தளர்வான உடுப்பு, தட்டைச் சப்பாத்து, ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு. போத்தலில் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.