யந்திரத்தைத் திறந்து பார்க்கும் கூட்டம்

(செங்கற்பட்டில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கம்ப்யூட்டரைப் பற்றி இவன் என்ன பேசப்போகிறான் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். நான் பத்தாவது படித்தவன். ஆனால் கூலி எங்கே வந்து நிற்கிறது என்பது தெரியும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் மொபைலில்தான் வருகைப் பதிவு என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. நாளைக்கு இரண்டு தடவை வேலைத்தலத்தில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். டவர் இல்லையென்றால் படம் போகாது. ஏரியில் மண் வெட்டியது உண்மை, கை கொப்பளித்தது உண்மை. மொபைல் 'வரவில்லை' என்றால் கூலி இல்லை! மேஸ்திரி தப்புக் கணக்கு எழுதினால் நோட்டை வாங்கிப் பார்க்கலாம், நாலு பேர் சாட்சி சொல்லலாம். மொபைலுக்குள் உட்கார்ந்திருக்கிற மேஸ்திரியின் நோட்டை எவர் பார்ப்பது?

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒருவர் கேட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று பெயர். அவர் வேலை செய்த ஆராய்ச்சிக் கூடத்துக்குப் புதிதாக ஓர் அச்சு யந்திரம் வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கியது. பழைய யந்திரத்தின் புரோகிராமை அவரே திருத்தியிருந்தார். சிக்கினால் அது ஆளுக்குத் தகவல் சொல்லும். புதியதன் புரோகிராமையோ காட்ட மறுத்துவிட்டார்கள். ஆலைத் தோழர்களே, தறி நின்றால் ஃபிட்டர் மூடியைக் கழற்றிப் பார்க்கிறார். மூடியைக் கழற்றுவதே குற்றம் என்றால் எப்படியிருக்கும்?

1983-ல் அவர் ஒரு வேலையைத் தொடங்கினார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது. எவரும் ஓட்டலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தியதைக் கொடுக்கும்போது பூட்டிக் கொடுக்கக்கூடாது. இதுதான் நிபந்தனை.

இனாமாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. இனாமாகக் கொடுத்துவிட்டுப் பூட்டுப் போடும் கம்பெனிகள் ஏராளம். உங்கள் பையிலுள்ள ஆண்ட்ராய்டு மொபைலின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். பெரிய கம்பெனிகள் அதன்மேல் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன. லினக்ஸ் வந்தால் சுரண்டல் ஓடிவிடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொல்வது, உள்ளே பார்க்கும் உரிமையைப் பற்றி.

அந்த உரிமையைக் கேட்டு வாங்கவும் முடிந்திருக்கிறது. கொரோனா காலத்து ஆரோக்கிய சேது செயலியைப் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களின் மொபைலில் ஏற்றினார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பலரும் கேட்டார்கள். 2020 மே 26-ல் சர்க்கார் அதன் மூலநிரலை வெளியிட்டது.

இப்படிக் கேட்கப் பழக்கும் இடம் எது? சென்னையில் லினக்ஸ் பயனர் குழு, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வகுப்பறையில் பல ஆண்டுகள் கூடியது. நமது ஜில்லா 2019 வரை காஞ்சிபுரத்தோடு சேர்ந்திருந்ததல்லவா? அந்தக் காஞ்சியின் பெயரிலும் ஒரு குழு இருக்கிறது. விழுப்புரத்திலும் உண்டு. 'கணியம்' என்ற பத்திரிகை 2012 முதல் இவற்றைத் தமிழில் எழுதுகிறது. கூட்டத்தில் தெரிந்தவர் யந்திரத்தை ஓட்டிக் காட்டுவார், தெரியாதவர் கேட்பார். நடுவில் அது மக்கர் செய்தால் எல்லோருமாகத் தேடுவார்கள். எனக்குப் பிடித்தது அந்த மக்கர்தான்.

மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாதியில் விட்ட குடைவரைகளைப் பார்த்திருப்பீர்கள். பாறையில் சதுரம் சதுரமாகப் பள்ளம் வெட்டி, நடுவிலுள்ள கட்டியைத் தட்டி எடுத்த உளித்தடம் இன்னும் அங்கே நிற்கிறது. முடிந்த சிற்பத்தில் அது தெரியாது. வேலை கற்கப்போகிறவன் எதன் முன்னால் நிற்பான்?

நம் சங்க ஆபீஸ் கதையும் உண்டு. சந்தாக் கணக்கு முழுவதையும் ஒரு கம்பெனி புரோகிராமில் எழுதி வைத்தோம். லைசென்ஸ் முடிந்தது, நம் கணக்கை நமக்கே காட்டமாட்டேன் என்றது! ரசீதுக் கட்டைகளைப் பார்த்து மறுபடி எழுத மூன்று வாரம் ஆயிற்று. ஒரு தோழரின் மகள், பாலிடெக்னிக்கில் படிப்பவள், அந்தப் பழைய யந்திரத்திலேயே லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். "உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் மாமா, மூணு நாள் ஆச்சு" என்றாள்.

மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் அவளும் சிநேகிதிகளும் ஆபீசில் இதைச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளை அனுப்புங்கள், பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். நீங்களும் வாருங்கள். வரும்போது ஜாப் கார்டை எடுத்து வாருங்கள்; வேலை செய்தும் கூலி விழாத நாட்களை அந்த யந்திரத்திலேயே பட்டியல் போட்டு, அதிகாரியிடம் கொண்டுபோவோம்.