பழவேற்காட்டுப் பொன்னும் தமிழர் கடமையும்

(கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இத் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, பொன்னேரி வட்டத்துக் கடற்கரையில் உள்ளது பழவேற்காடு. மீனவர் ஊராகவே இன்று பலரும் அதனை அறிவர். ஆயின், 17-ஆம் நூற்றாண்டில் அது பொற்காசு அடித்த ஊர். ஒல்லாந்து நாட்டுக் கிழக்கிந்தியக் குழும்பினர் 1613-இல் அங்குக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். காசடிக்கும் அக்கசாலையும் அமைத்தனர். 1660-களின் பிற்பகுதி முதல் யப்பானிலிருந்து கப்பலேறி வந்த பொன்னும் அங்கு உருக்கப்பெற்றுக் காசாயிற்று. அக் காசு கொண்டு அவர்கள் வாங்கியது, சோழமண்டலக் கரை நெசவாளர் நெய்த துணி.

இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. கோட்டை அவர்களுடையது; அக்கசாலை அவர்களுடையது; பொன்னும் அவர்கள் கொணர்ந்தது. எனினும் அப் பொற்காசில் அவர்கள் தம் நாட்டுச் சின்னத்தைப் பொறித்தாரல்லர். இந் நாட்டில் முன்பே வழங்கிய காசின் அமைப்பில், திருமால் உருவையே பொறித்தனர். அன்பினாலா? அன்று. நெசவாளனும் வணிகனும் அறிந்த காசே இங்குச் செல்லும் என்பதனால்! கொள்வோன் உறுதியாக நின்றவிடத்து, வந்தவன் வளைந்தான்.

காசு மட்டுமா வளைந்தது? நாவும் வளைந்தது. சென்னையில் அமர்ந்த ஆங்கிலரின் கணக்கேடுகளில், தமிழரின் சிறு 'காசு' 'கேசு' ஆயிற்று. 'பணம்' 'ஃபனம்' ஆயிற்று. பொன்னின் தரங்குறிக்கும் 'மாற்று' 'மாட்' ஆயிற்று. அவ்வாறு அயலார்க்குச் சொல் ஈந்த இனம், இன்று பொன் வாங்கும்போது மாற்றை மறந்து 'காரட்டு' என்கிறதே!

இவ் வரலாற்றுக்குக் கண்கண்ட சான்று அக் காசுகளே. ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள அச் சிறு பொன், நிலம் அகழ்வார் கையில் அகப்பட்டால் என்னாகும்? உலையில் இட்டால் ஒரு சிறு மோதிரமே ஆகலாம். வரலாறோ முற்றும் அழிந்துபோகும்.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மன்னன் தலைமேல் வெட்டுக்குறி இருந்தது. அவை காசாக இனிச் செல்லாமல், எடைக்குரிய பொன்னாகவே கொள்ளப்பட வெட்டப்பெற்றன என்பர் அறிஞர். அன்றே உருக்கியிருந்தால் இச் செய்தியை யார் அறிவார்?

ஆகவே, அடிக்கல் நாட்டக் குழி தோண்டும் தொழிலாளத் தோழர்களே! 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து வழித் தெரிவித்தல் கடமை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காசுகளைக் காத்து ஆய்வதற்கெனத் தனிப்பிரிவே உள்ளது. காசு தொகுக்கும் அன்பர்கள் அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாகாது. கிடைத்த ஊர், ஆழம், உடன் கிடைத்த பொருள் ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். பிறந்த இடம் சொல்லாத காசு பாதி ஊமை.

அன்று ஒரு நெசவாளன் தனக்குத் தெரிந்த காசையே கேட்டு வாங்கினான். கோட்டை கட்டியவனும் இணங்கினான். இன்று இத் தொழிற்பேட்டையில் உழைப்பவனும் பொருள் வாங்குபவனும் அறிவிப்புப் பலகையிலும் பொருளின் உறையிலும் தமிழைக் கேட்டு நிற்கட்டும். கேட்பவன் இருந்தால் கொடுப்பவன் இணங்குவான். பழவேற்காட்டுப் பொன் உரைக்கும் பாடம் இதுவே.

வெல்க தமிழ்!